ஒலிபெருக்கி சொல்லாத பாதி

இளம்பரிதி,

நீ கோவை போய்ச் சேர்ந்ததை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். என் அழைப்புகளை நீ எடுக்கவில்லை, எடுக்காதது முறைதான். அன்று மாலை, குப்பத்துக்கு வெளியே, உங்களை உள்ளே விடாமல் காவலர்கள் போட்டிருந்த தடுப்புக்கு அப்பால் உன் தோழர்களோடு நீ நின்றிருந்தபோது, உன் தந்தையின் குரல் ஒலிபெருக்கி வழியாக ஒரு பெயரை மூன்று முறை சொல்லக் கேட்டாய். எந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று அன்று காலை என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாயோ, அந்தப் பெயரை. அதன்பின் கைதட்டல் கேட்டாய். அதன்பின் இரங்கற்பாட்டு கேட்டாய். வீட்டுக்கு வந்தாய், பையைக் கட்டினாய், போய்விட்டாய். தெரு முழுவதும் கேட்க நடந்த ஒன்றுக்கு உறைக்குள் ஒட்டி விடை அனுப்புவது பொருந்தாது என்பதால் இம்மடலை ஊரறிய எழுதுகிறேன். ஒலிபெருக்கி உனக்குச் சொன்னது ஒரு தொடரின் பாதி. மீதியைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. நம்பும் கட்டாயம் உனக்கு இல்லை.

ஊரார் அறியும்பொருட்டு நீ அறிந்ததையும் சொல்ல நேர்கிறது, பொறுத்துக்கொள். எங்கள் இயக்கக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறியவனிடம் தாய்மார்கள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவன் அதை வாங்கி, தூக்கிப் பிடித்து, ஒலிவாங்கியின் முன் நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைச் சூட்ட வேண்டும். கூட்டம் கைதட்டும், பெயர் நிலைத்துவிடும். சாமிப் பெயர் வேண்டாம், சாதிப் பெயர் வேண்டாம், பிறமொழிப் பெயர் வேண்டவே வேண்டாம் என்று முழங்கிய காலம் அது. ஒவ்வொரு முறையும் ஒரு விடுதலையை வழங்குவதாகவே எண்ணிக்கொண்டு நான் பெயர் சூட்டினேன். பெசன்ட் நகரைத் தாண்டிய கடலோரக் குப்பத்தில் நடந்த கூட்டமொன்றில், மீன் விற்கும் அஞ்சலை என்னும் இளந்தாய் தன் இரண்டாவது குழந்தையை என் கையில் தந்தாள். ஆண்குழந்தை என்றார்கள். 'வெற்றிவேந்தன்' என்றேன். குழந்தை வீறிட்டு அழுதது. "பேரு புடிக்கல போல கீது, மாத்தி வை நைனா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்த, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையோ கூட்டங்களின் சிரிப்பை மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் இப்போதெல்லாம் உறக்கமில்லாத என் காதில் வந்து அமர்ந்துகொள்கிறது.

அந்தக் குழந்தையைத்தான் பல ஆண்டுகள் கழித்து நம் இராசா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு நீ அழைத்து வந்தாய். மஞ்சள் சேலை, கை நிறைய வளையல், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கிய கால்கள். "அப்பா, இவங்க ரேஷ்மா. எங்க குழுவுல இருக்காங்க" என்றாய். என் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயா, என்னைத் தெரியலையா? எனக்கு நீங்கதான் பேர் வெச்சீங்களாம். எங்கம்மா பெருமையா சொல்லிக்கினே இருக்கும். அதை நான் வெச்சிக்கல ஐயா, கோச்சிக்காதீங்க." நான் தடுமாறியதை மறைக்க, "வேறு பெயர் வேண்டுமென்றால் நல்ல தமிழில் நானே தருகிறேனே, மகளே" என்று தேன்மொழி, பூங்கொடி, கயல்விழி என அடுக்கினேன். "ஒரு வாட்டி நீங்க வெச்சது போதும் ஐயா. இந்த வாட்டி நானே வெச்சிக்கினேன்" என்றாள். அடுக்களையிலிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அன்றுமுதல் நான் அவளை மகளே என்று மட்டுமே அழைத்தேன். எல்லோரும் அதை அன்பென்று எடுத்துக்கொண்டார்கள். அன்புதான். ஆனால் ரேஷ்மா என்னும் பெயரை என் நாக்கு ஒருமுறையும் சொல்லவில்லை என்பதை நீ கவனித்திருந்தாய். அதனால்தான் அந்தக் காலையில் என் கையைப் பிடித்தாய்.

நீ உன்னைப்பற்றி எங்களிடம் சொன்ன நாளையும் இங்கே நினைக்கிறேன். "எனக்குப் பொண்ணு பாக்காதீங்கப்பா. நான் வாழ்ந்தா ஒரு ஆணோடதான் வாழ்வேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றாய். உன் ஒரு மூச்சுக்கு நான் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். உரிமை என்றேன், பகுத்தறிவு என்றேன், அடக்குமுறைகளின் வரலாறு என்றேன். நீ தலைகுனிந்தே கேட்டுக்கொண்டிருந்தாய். இறுதியில் உன் அம்மா வந்து, "அவன் கூட்டத்துக்கா வந்திருக்கான்? தோசை ஆறிப்போச்சு, ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அந்தத் தோசைதான் உனக்குக் கிடைத்த விடை என்பதை உன் முகம் தெளிந்ததில் கண்டேன். அழகாகப் பேசுகிறவர்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகள் சற்றுத் தனிமையானவர்கள், பரிதி. அவர்கள் கேட்பது ஒரு சொல். அவர்களுக்குக் கிடைப்பது ஓர் உரை.

சைதையில் தையற்கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையில் நீங்கள் கூடிய ஞாயிறுகளுக்கு நானும் வந்தேன். பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டாதீர்கள் என்று பெற்றோர்களிடம் போய்ச் சொல்ல ஒரு துண்டறிக்கை வேண்டும் என்றீர்கள், எழுதித் தந்தேன். ரேஷ்மா அதை உரக்கப் படித்தாள். படித்து முடித்து, "சூப்பரா கீது ஐயா. ஆனா இன்னா சொல்ற இதுல?" என்றாள். அறையே அதிர்ந்தது. மறுவாரம் அவள் துண்டறிக்கை எதுவுமின்றி மீன்காரப் பெண்களின் நடுவே போய்க் குந்தினாள். நான் உன்னோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். "இன்னாடி உன் தொண்டை ஆம்பள மாதிரி கீது?" என்று ஒருத்தி சீண்டினாள். "உன் ஊட்டுக்காரன் தொண்டைய விட தேவலைக்கா. அது ராவெல்லாம் உன்னைத்தானே திட்டுது?" என்றாள் இவள். சிரிப்பு அடங்குவதற்குள், "சொல்லுக்கா, உன் வயித்துல என்னை மாதிரி ஒண்ணு பொறந்தா ரோட்டுல உட்ருவியா?" என்று கேட்டாள். சீண்டியவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "சோறு துன்னியாடி நீ?" என்று கேட்டாள். அங்கிருந்து திரும்பும்போது நீ சொன்னாய்: "இதுதான்ப்பா எங்க வேலை. ஒரு தெருவுக்கு ஒரு அம்மா மாறினா போதும்." ஆனால் அவள் சொந்தத் தாய் மட்டும் அந்தக் கூட்டத்தில் என்றும் வந்து அமரவில்லை. தாய் இருக்கும் தெருவுக்குள் நுழையும்போது ரேஷ்மா சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொள்வாள்.

மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனது. மருத்துவமனையிலிருந்து உடலைக் குடும்பம் எடுத்துச் சென்றது. வேட்டி கட்டிப் பாடையில் கிடத்தினார்கள். உங்களில் ஒருவரையும் அருகே விடவில்லை. பின்னர் அவள் அண்ணன் மூர்த்தி நம் வீட்டுக்கு வந்தான். பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்திருப்பதாகவும், நான்தான் படத்தைத் திறந்து பேசவேண்டும் என்றும் கேட்டான். "நீங்க வெச்ச பேரு ஐயா. நீங்க வந்து சொன்னாதான் அது நிக்கும். என் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். பாக்க வர்றவன் எல்லாம் உன் தம்பி எப்படின்னு கேக்குறான். இந்தப் பேச்சு பதினாறோட முடியணும்." அவன் கண்ணில் இருந்தது வெறுப்பு இல்லை, அச்சம். அவனை வெறுக்காதே. நீ மாற்றப் புறப்பட்ட ஊரில் பாதிப்பேர் மூர்த்திகள்தாம். நீயோ படத்திறப்பு நாள் காலையில் வாசற்படியிலேயே என் கையைப் பிடித்து மறித்து, "அவங்க வாழ்ந்த பேரு ஒண்ணுதான்ப்பா. அதை மட்டும் சொல்லுங்க. முடியலைன்னா போகவே போகாதீங்க" என்றாய். நான் போவதென்று முடிவு செய்தேன். மூர்த்தி தந்த மேடையிலேயே ரேஷ்மாவின் பெயரைச் சொல்வதென்றும் முடிவு செய்தேன். அதை உன்னிடம் வாய்திறந்து சொல்லாமல், "என்மேல் நம்பிக்கை வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். பேச்சாளனின் செருக்கு அது. எதையும் மேடைக்கென்று சேர்த்து வைப்பான்.

தெருமுனையில் பந்தல். ஒலிபெருக்கிக் குழல்கள் பெசன்ட் நகர்ச் சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. மேடையின் நடுவே மாலையிட்ட சட்டத்தை வெண்டுணி மூடியிருந்தது. அதன் அடியிலேயே, தரையில், அஞ்சலை அமர்ந்திருந்தாள். நான் கயிற்றை இழுத்தேன். துணி விழுந்தது. பரிதி, அந்தப் படத்தை நீ பார்க்கவில்லை. பார்க்காதிருக்கவே விரும்புகிறேன், ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆணாக அவளை எடுத்த படம் அவர்களிடம் இல்லை. ஆகவே அவளுடைய படமொன்றை நிழற்படக் கடையில் கொடுத்து, கூந்தலை வெட்டி, காதணியை அழித்து, யாருடையதோ ஓர் உடலின் கோட்டும் கழுத்துப்பட்டையும் அவள் தலைக்குக் கீழே பொருத்தியிருந்தார்கள். மீசையும் வரைந்திருந்தார்கள். சற்றே தூக்கலாக நிற்குமே அவளுடைய தெத்துப்பல், அதையும் நேராக்கியிருந்தார்கள். நூல்வைத்துத் திருத்திய புருவங்களை மட்டும் மறந்துவிட்டார்கள். இவ்வுலகில் என்றும் வாழ்ந்திராத ஓர் ஆடவன், அவளுடைய புருவங்களை உயர்த்தி என்னை வினவுவது போல் பார்த்தான். கீழே, நான் சூட்டிய பெயர், பொன்னெழுத்தில்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு இது?" என்றாள். பக்கத்திலிருந்தவள், "நம்ம வேந்தன்தான்க்கா" என்றாள். "இவனா? இது இன்னா பல்லு? இது என் புள்ள பல்லே இல்லையே" என்றாள் அஞ்சலை. "சும்மா இரும்மா, ஐயா பேசப் போறாரு" என்று மூர்த்தி அதட்டினான். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், கண்ணை எடுக்கவில்லை.

நான் ஒலிவாங்கியின் முன் நின்றேன். என் கலையை நீ அறிவாய். சொல்ல வந்ததை முதலில் சொல்லமாட்டேன். எதிராளியின் கூற்றை எடுத்து, அடுக்கி, உயர்த்தி, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, கூட்டம் கைதட்டி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரே சொல்லால் அதை வீழ்த்துவேன். வாழ்நாள் முழுதும் அப்படித்தான் பேசினேன். அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். "இதே குப்பத்தில், இதே கடல் கேட்க, இந்தத் தாயின் கையிலிருந்து ஒரு குழந்தையை வாங்கி வெற்றிவேந்தன் என்று பெயர் சூட்டியவன் நான். வெற்றிவேந்தன் என்றே இந்த ஊர் அழைத்தது. வெற்றிவேந்தன் என்றே இந்தப் படமும் சொல்கிறது!" நிறுத்தினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் மூர்த்தி எழுந்து ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ஒலிவாங்கி செத்தது. பாட்டுத் தொடங்கியது. என் காதருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்க அவன் சொன்னான்: "உங்க பேச்சைக் கேட்டு வளந்தவன் ஐயா நானு. நீங்க நிறுத்துனா அடுத்தது 'ஆனால்'னு வரும்னு எனக்குத் தெரியும்."

தடுப்புக்கு அப்பால் நீ கேட்டது இவ்வளவுதான். நான் மேடையை விட்டு இறங்கவில்லை. உயிரற்ற ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு, பாட்டின் இரைச்சலுக்குள் வெறுந்தொண்டையால் பேசினேன். "ஆனால் அந்தப் பெயரை அவள் என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். நானும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவள் பெயர் ரேஷ்மா" என்றேன். ஒரு காலத்தில் ஒலிவாங்கி இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்ட தொண்டை, மூன்றாம் வரிசையைக்கூட எட்டவில்லை. நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். என் காலடியில் இருந்த ஒருத்திக்கு மட்டும் கேட்டது. அஞ்சலை தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு ஐயா" என்றாள். சொன்னேன். அவள் உதடுகள் அசைந்தன. அவளும் சொல்லிப் பார்த்தாளா என்பது பாட்டில் கரைந்துவிட்டது. மூர்த்தி அவளைத் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனான்.

நடந்தது இது. இதைக் கொண்டு என்னை நிறுத்துப் பார்; நான் குறுக்கிடமாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன், தந்தையாக அல்ல, ஒரே தொழிலில் மூத்தவனாக. இனி நீ பேசப்போகும் மேடைகள் யாவும் பிறர் தரும் மேடைகளே. மின்சாரமும் அவர்களுடையது, கைதட்டலும் அவர்களுடையது. ஆகவே இழக்கக்கூடாத சொல்லை முதற்சொல்லாக வை. அழகு பின்னால் வரட்டும், வராமலும் போகட்டும். நான் வாய்திறந்ததும் ரேஷ்மா என்று தொடங்கியிருந்தால், அதன்பின் எத்தனை பாட்டு போட்டாலும் அந்தச் சொல் பெசன்ட் நகர்ச் சாலைவரை போயிருக்கும், நீ கேட்டிருப்பாய்.

அந்த முகம் என்னை விடவில்லை. உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றத் தியாகராயர் நகர் போயிருந்தோம். நிழற்படக் கடையின் முகப்பில் மாப்பிள்ளைப் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முகத்திலும் ரேஷ்மாவின் புருவத்தைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன். "என்ன பார்க்கிறீங்க?" என்றாள் உன் அம்மா. சென்ற வாரம் மயிலைக் குளக்கரையில் பழைய தோழர் ஒருவரின் பேத்தி, "தாத்தா, இவனுக்கு நீங்கதான் பேர் வைக்கணும்" என்று குழந்தையை என் கையில் தந்தாள். வெதுவெதுப்பான சிறு உடல். முகம் சுளித்துக் கொட்டாவி விட்டது. எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. என்னை மேடை மேடையாகத் தூக்கி நிறுத்திய மொழி முழுவதும் வற்றிப்போய் நின்றது. "நீங்களே ஒரு பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளுங்கள் அம்மா. பிறகு அது தன் பெயரைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று திருப்பித் தந்தேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று எண்ணியிருப்பார்கள்.

நேற்று முற்பகல், சந்தை முடிந்ததும், அஞ்சலை நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே அழைத்தும் வரவில்லை. வெறுங்கூடையை வாயிலில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உன் அம்மா தந்த மோரைக் குடித்தாள்.

"உன் புள்ள எங்க ஐயா?" என்றாள்.

"கோவையில் இருக்கிறான்."

"அதுகிட்ட படம் இருக்கும்ல? ரெண்டும் எந்நேரமும் செல்லை நீட்டிக்கினு இளிச்சிக்கினு நிக்குமே. நான் தூரத்துல நின்னு பாத்திருக்கேன்."

அவள் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள் என்பதை உனக்குச் சொல்கிறேன். உனக்கும் தெரியாது, ரேஷ்மாவுக்கும் தெரியாமலே போயிற்று.

"இருக்கும், அஞ்சலை. ஆனால் எல்லாம் சேலை கட்டிய படங்களாகத்தான் இருக்கும்" என்றேன்.

விரலால் கூடையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அது மூஞ்சியா இருந்தா போதும்" என்றாள்.

"மூர்த்தி என்ன சொல்வான்?"

"அவன் இன்னா சொல்றது? அவன் மாட்டுன படத்த அவனே பாத்துக்கினு கெடக்கட்டும். பதினாறு முடிஞ்சதுல இருந்து தெனம் சாயங்காலம் வெளக்கேத்துன்றான். நான் ஏத்தல. யாரோ ஒருத்தனுக்கு நான் ஏன்யா வெளக்கேத்தணும்?"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பரிதி, என் அழைப்பை நீ எடுக்கவேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். உன் கைப்பேசியில் இருப்பவற்றுள் அவள் நன்றாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக அச்சிட்டு, ஒரு கோடும் திருத்தாமல் எடுத்து வா. நேராகக் குப்பத்துக்குப் போ. நான் உடன் வரமாட்டேன். அந்த வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை.

அப்பா